சோறு போட்டுக் கெடுத்த கிருமி

ஒரு கிருமிக்குக் கொல்லும் குணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொல்லிமலையில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான்தான்.

பொய். கண்டுபிடித்தது கோமதி மேடம். நான் அந்தக் கிருமிக்குச் சோறு போட்டவன். அதையும் சொன்ன அளவுக்கு மேல் போட்டு, கெடுத்து, மெமோ வாங்கியவன்.

இதை எழுதுவதும் நான் இல்லை. மிளகுத் தோட்டத்தில் உட்கார்ந்து நான் பேசுகிறேன், என் மகள் பூங்கொடி எழுதுகிறாள். டீச்சர் வேலைக்குப் படித்தவள். என் பேச்சைத் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் தாளில் வைப்பாள். நடுவில் பேனாவை நிறுத்தி, "நெசமாப்பா?" என்று ஒரு பார்வை பார்ப்பாள். பெற்ற மகளே நம்பாத ஆளை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

செம்மேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு டிரஸ்ட் நடத்தும் ஆஸ்பத்திரி. அதன் லேப்பில் அட்டெண்டராக இருந்து ரிட்டயர் ஆனேன். இப்போது அங்கே கிருமியின் ஜீனைப் பார்க்கும் மெஷின் வந்திருக்கிறதாம். மாதிரியை உள்ளே வைத்தால் இந்த ஜீன் உண்டு, அந்த ஜீன் இல்லை என்று திரையில் சொல்லிவிடுமாம். அதற்கு இடம் வேண்டும் என்று எங்கள் காலத்துப் பழைய பிரிட்ஜை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்து அது பழைய இரும்புக்காரனிடம் போகும். போன வாரம் அங்கிருந்து ஒரு டெக்னீஷியன் பெண் போன் செய்தது.

"ஐயா, மெஷின் தொறக்கறன்னைக்கு ஒரு மலர் போடறோமுங்க. உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க."

எனக்கு உடனே சந்தேகம். ரிட்டயர் ஆன அட்டெண்டரை எவன் தேடுவான்? ஏதாவது காணாமல் போயிருக்க வேண்டும். "என்ன தொலஞ்சு போச்சு கண்ணு?" என்று கேட்டேன். ஒன்றும் தொலையவில்லை என்று சிரித்தது. அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். என்னைப் பேசச் சொல்லி யாரும் போன் செய்ததே கிடையாது, நிறுத்தச் சொல்லித்தான் செய்வார்கள்.

என் பெயர் வெள்ளையன். ஆளைப் பார்த்தால் அடுப்பில் வைத்து மறந்துவிட்ட மாதிரி இருப்பேன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு, நான் குண்டூர் நாட்டுக்காரன். பள்ளிக்கூடத்துக்கு என் ஆயுளில் ஒரே ஒருநாள் போயிருக்கிறேன், உள்ளே புகுந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு வர.

ஆஸ்பத்திரியில் தண்ணீர்த் தொட்டி கட்டும்போது மண் சுமக்கப் போனேன். லேப்பில் பாட்டில் கழுவும் ஆள் வராத நாளில் என்னைக் கழுவச் சொன்னார்கள். மேடம் வந்து ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார், "இதை யார் கழுவினது?" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்து, பக்கத்தில் நின்றவனைக் காட்டினேன்.

"அவருக்கு இங்கேயே வேலை போட்டுக் கொடுங்க" என்றார்.

"நாந்தானுங்க மேடம் கழுவுனது" என்றேன்.

அன்றைக்கு அவருக்கு என்மேல் வந்த சந்தேகம் கடைசி வரைக்கும் முழுசாகப் போகவில்லை.

எழுத்து கற்றது லேபிளில். நான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த வார்த்தை ‘விஷம்’. இரண்டாவது ‘தொடாதே’. அதற்குள் தொட்டாகிவிட்டது. நாலைந்து வருஷத்தில் பாட்டில் கழுவுவதிலிருந்து சமையலுக்கு உயர்ந்தேன். கிருமிக்குச் சமையல். கடற்பாசித் தூளை இறைச்சிச் சாறோடு கரைத்து, ஆட்டோகிளேவ் என்ற பெரிய குக்கரில் வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஆட்டு ரத்தம் கலந்து, வட்டத் தட்டிலும் கண்ணாடிக் குழாயிலும் ஊற்றி உறைய வைக்க வேண்டும். ஊட்டில் எனக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது. "உங்களுக்குப் பொண்டாட்டியா வந்ததுக்குக் கிருமியாப் பொறந்திருந்தா நல்லாத் தின்னுருப்பேன்" என்பாள் என் சம்சாரம்.

கோமதி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமவெளியிலிருந்து மலைக் காய்ச்சல்களைப் பார்ப்பதற்கென்று மேலே வந்தவர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. குழாயைக் கையில் எடுத்ததும் லேபிளை வாய்விட்டுப் படிப்பார். கீழே வைக்கும்போது மறுபடி படிப்பார். எடுத்ததற்கும் வைத்ததற்கும் நடுவில் பெயர் மாறியிருக்குமோ என்கிற மாதிரி. நாம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"மேடம், குக்கர் ஆறிடுச்சுங்க." "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" "மேடம், மழை வரும் போல." "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" அந்தக் கேள்விக்குப் பயந்தே, ஊட்டில் சோறு வெந்துவிட்டதா என்று கேட்டால்கூட எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

அவருடைய பெரிய ரெஜிஸ்டர் ஒன்று உண்டு. அந்த அறைக்குள் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கிருமிக்கும் அதில் ஒரு வரி. எந்த ஆள், எந்த நாள், எந்தக் குழாய், எந்த அலமாரி. வரி இல்லாத குழாய் ஒன்று கண்ணில் பட்டால், வைத்தவனுக்கு மெமோ கிடையாது. நேராக கேட்டுக்கு வெளியே. இதைச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

இனி என் மாப்பிள்ளை கதை. சடையப்பன், தேவனூர் நாட்டுக்காரர், என் தங்கச்சி புருஷன். மிளகு பழுக்கிற காலத்தில், மரத்துக்கு மரம் ஏணி மாற்றிக்கொண்டிருந்த மனுஷன், குளிர்க் காய்ச்சலும் வலது விலாவில் வலியுமாக வந்து படுத்தார். சுகர் இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஈரலுக்குள் சீழ்க்கட்டி. சர்ஜன் ஐயா விலா வழியாக மெல்லிய குழாய் விட்டு, சீழை எடுத்துக் கொஞ்சம் லேப்புக்கு அனுப்பினார். தட்டில் தேய்த்து வைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் பளபளவென்று பெரிய பெரிய பொட்டுகளாகக் கிருமி வளர்ந்து நிற்கிறது.

மேடம் தட்டைச் சாய்த்துப் பார்த்தார். கம்பி வளையத்தை விளக்கில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டார். ஒரு பொட்டின் தலையில் பட்டும் படாமலும் தொட்டார். மெல்ல மேலே தூக்கினார். சாதாரணக் கிருமி என்றால் வெண்ணெய் மாதிரி கம்பியோடு வந்துவிடும். இது வரவில்லை. நூலாக இழுத்தது. பலாப்பழம் அறுத்தால் பால் இழுக்குமே, அந்த மாதிரி. கம்பி மேலே போகப் போக நூலும் கூடவே வந்தது.

"ஸ்கேல்" என்றார். நான் ஸ்கேலைப் பிடித்தேன். என் நகக்கண் அளவு இழுத்தாலே சந்தேகப்பட வேண்டுமாம். இது என் சுண்டுவிரல் நீளம் வந்து அறுந்தது.

அதன் பெயர் க்ளெப்சியெல்லா. என் வாயில் நுழையாததால் கிளியம்மா என்று வைத்துக்கொண்டேன்.

"இது சாதா ரகம் இல்ல" என்றார் மேடம், டெக்னீஷியன் செல்வத்திடம். "சாதா ரகம் ஏற்கெனவே படுத்துக் கிடக்கிற ஆளைத்தான் பிடிக்கும். இது நடமாடற ஆளையே பிடிக்கும். ஈரல்ல உக்காந்துட்டு, அங்கிருந்து ரத்தத்தோட கண்ணுக்குப் போகும். போச்சுன்னா ரெண்டு மூணு நாள்ல பார்வை போயிடும்."

எங்கள் மலையில் கண் டாக்டர் கிடையாது. கீழே போக வேண்டும், எழுபது கொண்டை ஊசி வளைவு.

"இதுக்கு மட்டும் ஏனுங்க மேடம் இந்தக் குணம்?"

"ஜீன். உயிருக்குள்ள இருக்கிற உத்தரவுச் சீட்டுன்னு வெச்சுக்குங்க. எல்லாக் கிருமிக்கும் ஒரு பெரிய சீட்டுக் கட்டு உண்டு. இந்த ரகத்துக்கிட்ட அது போக, தனியா ஒரு சின்ன வளையம் இருக்கு. அந்த வளையத்துல ரெண்டு உத்தரவு. தடிமனா வழவழன்னு ஒரு போர்வை நெய்துக்கோ. நம்ம ரத்தத்துல இருக்கிற இரும்பைப் பிடுங்கித் தின்னு. போர்வை இருந்தா நம்ம உடம்போட காவல்காரங்களால பிடிக்க முடியாது, வழுக்கிட்டுப் போயிடும்."

வளையம் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். நூல் இழுப்பதை வைத்து யூகிப்பதுதானாம். நகரத்துப் பெரிய லேப்புக்கு அனுப்பினால் படித்துச் சொல்வார்கள், வாரக்கணக்கில் ஆகும் என்றார்.

செல்வம் தட்டிலிருந்து ஒரு பொட்டைக் கம்பி நுனியில் எடுத்து, சோறு உறைந்த ஒரு குழாயில் குத்தி, லேபிள் ஒட்டி, ரெஜிஸ்டரில் வரி எழுதினான். அவன் கை கழுவப் போன நேரத்தில் நானும் ஒரு குழாயில் குத்தினேன்.

ஏன் குத்தினேன் என்று கேட்டால், மலைக்காரன் பழக்கம். எங்கள் மலையில் சாமை, தினை எது விதைத்தாலும், விதைப்புக்கு முன்னால் ஒரு பிடி எடுத்துச் சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் போட்டு ஒளித்து வைப்போம். வைத்த இடத்தைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்வதில்லை. சொன்னால் பசிக்கிற மாசத்தில் கேட்டு வாங்கிப் பொங்கிவிடுவாள். ஒரே இடத்திலும் வைப்பதில்லை, எலி கண்டுபிடித்துவிடும். உள்ளதையெல்லாம் ஒரே காட்டில் போடுகிறவனை எங்கள் ஊரில் ஆளாகவே மதிக்க மாட்டார்கள். கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. குழாயை அடி டிராயரில், கம்பிச் சுருளுக்குக் கீழே வைத்தேன். லேபிள் இல்லை. வரி இல்லை.

அடுத்த நாள் செல்வம் அக்கா கல்யாணத்துக்கு இரண்டு மூன்று வாரம் லீவு போட்டுக் கிளம்பினான். அட்டெண்டர் கிருமியைத் தொடக்கூடாது என்பது சட்டம். வேறு ஆள் இல்லை என்பது நிலவரம்.

"வெள்ளையண்ணா, வாரத்துல ஒருநாள் இத புதுக் குழாய்க்கு மாத்துங்க. அது போதும். செத்துக்கித்துப் போச்சுன்னா மேடம் உங்களப் புடிச்சுக் குழாய்ல குத்திருவாங்க."

வாரத்தில் ஒருநாள் சோறு! அடுத்த ஊட்டுக்காரன் கோழியை நம்மிடம் விட்டுப்போனால் அப்படியா வைத்திருப்போம்? செத்தால் என் தலை. நான் காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் புதுக் குழாய்க்கு மாற்றினேன். மலைக் குளிர் தாங்காதென்று வெதுவெதுப்பான பெட்டியிலேயே வைத்திருந்தேன். கிளியம்மா ஒவ்வொரு வேளையும் குழாய் நிறைய வளர்ந்தது. பெருமையாக இருந்தது. நூல் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. அது மேடத்தின் வேலை.

அந்தப் பெருமையில் வார்டுக்குப் போனால் வாய் சும்மா இருக்குமா?

"மச்சான்" என்று மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டார். பத்துப் பதினோரு நாளில் காய்ச்சல் இறங்கி, முகத்தில் களை வந்திருந்தது. "மொளகெல்லாம் பழுத்துருச்சு, குருவி திங்குது. அடுக்கடுக்கா ஊசி போட்டுப் படுக்க வெச்சிருக்கறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லி என்னைய ஊட்டுக்கு அனுப்பி வுடுங்க. லேப்புல நீங்கதான பெரிய ஆளு?"

"வுடுங்க மாப்ள, நான் பாத்துக்கறேன். என் பேச்ச மேடம் தட்ட மாட்டாங்க" என்றேன், நர்சம்மா காதில் விழும்படி.

பொய்தான். மேடம் என் பேச்சைத் தட்டாத நாளே கிடையாது.

மறுநாள் சர்ஜன் ஐயா லேப்புக்கு வந்தார். காய்ச்சல் இல்லை, விலாக் குழாயில் சீழ் வற்றிவிட்டது, மாத்திரை எழுதி அனுப்பிவிடலாம் என்பது அவர் பேச்சு. இன்னும் ஊசி போக வேண்டும், கீழேயிருந்து கண் டாக்டரை வரவழைத்துப் பார்க்காமல் விடக்கூடாது என்பது மேடம் பேச்சு.

"அப்படி என்னங்க மேடம் ஊர்ல இல்லாத கிருமி? எனக்கும்தான் காட்டுங்களேன்" என்றார் சர்ஜன்.

நான் சோறு போட்டு வந்த குழாயிலிருந்து முந்தின நாளே தட்டில் தேய்த்து வைத்திருந்தோம். மேடம் கம்பியைச் சிவக்கக் காட்டினார். ஆறவிட்டார். தொட்டார். தூக்கினார்.

வெண்ணெய்.

இன்னொரு பொட்டு. வெண்ணெய். தட்டின் மறுகோடியில் ஒன்று. அதுவும் வெண்ணெய். நான் ஸ்கேலைப் பிடித்தபடி நின்றேன், அளக்க ஒன்றுமில்லை.

"நாளைக்குக் காலையில அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு சர்ஜன் போய்விட்டார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மேடத்துக்குப் பரவாயில்லை போலிருந்தது.

"வெள்ளையன், கதவைச் சாத்துங்க."

சாத்தினேன்.

"இதை எடுத்துட்டு வேற கிருமிக் குழாயை வெச்சீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"என் பேச்சை மேடம் தட்ட மாட்டாங்கன்னு வார்டுல சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க. அது வாய்ங்க மேடம்."

"கை?"

"கை ஒண்ணும் பண்ணலீங்க."

"உங்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போகணும். கிருமி சாதா ரகமா இருந்தா போலாம். இந்தக் குழாயை உங்களைத் தவிர யாரும் தொடல. நான் என்ன நினைக்கட்டும்?"

அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் என்னைத்தான் பிடித்திருப்பேன். என் முகத்தைப் பார்த்தாலே அப்படித்தான் தோன்றும். அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

வராந்தாவில் உட்கார்ந்தேன். வெளியே பிசுபிசுவென்று தூறல். நான் குழாயை ஆள் மாற்றி வைக்கவில்லை. செல்வம் கல்யாண வீட்டில் பந்தியில் இருக்கிறான். மேடம் மாற்றுவாரா? சாமி மேலே சத்தியம் செய்தாலும் லேபிள் கேட்கிற ஆள். அப்படியென்றால் மிச்சம் இருக்கிற ஒரே ஆள் கிளியம்மா. பத்து நாளைக்கு முன்னால் மனுஷன் ஈரலைத் தின்றது, இன்றைக்குப் பால்குடிப் பிள்ளை மாதிரி வெண்ணெயாக வருகிறது. திடீரென்று சாதுவாகிவிட்ட எவனையும் நான் நம்புவதில்லை. என்னையே நான் நம்பாததும் அதனால்தான்.

சந்தைக்கு வந்தவர்கள் சிலர் மழைக்கு வராந்தாவில் ஒதுங்கினார்கள். எல்லோர் தலையிலும் கொங்காடை, கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வோமே, அது. கூரைக்குக் கீழே வந்ததும் ஒவ்வொருவராகக் கழற்றி உதறிக் கீழே போட்டார்கள். நனைந்த கொங்காடை கனக்கும். நனையாத இடத்தில் எவன் அதைச் சுமப்பான்?

என் மண்டைக்குள் ஏதோ நகர்ந்தது. நான் கிளியம்மாவை எங்கே வைத்திருந்தேன்? கூரைக்குக் கீழே. வெதுவெதுப்பு, இரண்டு வேளை விருந்து, பிடிக்க வரும் காவல்காரன் ஒருத்தனும் இல்லை. போர்வையை எதற்குச் சுமக்கிறது?

அப்படியானால் மாப்பிள்ளை ஈரலுக்குள் இருப்பது?

அதே நேரம் என் தங்கச்சி துணி மூட்டையோடு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணா, நாளைக்குக் காலையில மொத பஸ்ல போலாம்னு சொல்லிட்டாங்க. எல்லாம் நீங்க சொன்னதாலதானுங்ண்ணா."

அடி டிராயர் ஞாபகம் வந்தது. பட்டினியாகக் கிடக்கும் ஒரு குழாய். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை தேவனூர் நாட்டுக்குப் போய் ஏணியில் ஏறுவார், அங்கே வைத்துக் கண் இருண்டால் கீழே வந்து சேர்வதற்குள் முடிந்துவிடும். நான் ஒன்றும் தியாகி இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தேதான் இருந்தேன். தங்கச்சி மூட்டையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "இத பாத்துக்கங்க" என்று போனாள். அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, எழுந்து மேடத்திடம் போனேன்.

"மேடம், இன்னொரு குழாய் இருக்குதுங்க."

"எங்க?"

"அடி டிராயர்ல. கம்பிச் சுருளுக்குக் கீழ."

"ரெஜிஸ்டர்ல இருக்கா?"

"இல்லீங்க."

"எத்தனை நாளா?"

"மொத நாள்லருந்துங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"வேற எங்கேயாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம்."

குழாயைத் தானே எடுத்தார். லேபிள் இல்லாததால் படிக்க ஒன்றும் இல்லாமல் கை அந்தரத்தில் நின்றது. அன்று சாயங்காலமே தட்டில் தேய்த்து வைத்தார். வளர ஒரு ராத்திரி வேண்டும். மாப்பிள்ளை கிளம்பவும் ஒரு ராத்திரிதான் இருந்தது.

காலையில் மாப்பிள்ளை வெள்ளை வேட்டி கட்டிக் கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார். சர்ஜன் ஐயாவை மேடம் லேப்புக்குக் கூப்பிட்டார். கம்பி சிவந்தது, ஆறியது, தொட்டது, எழுந்தது. கூடவே நூலும் எழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று, சுண்டுவிரலைத் தாண்டி வந்து, அறுந்தது. யாரும் ஸ்கேல் கேட்கவில்லை.

"அப்ப நேத்து காட்டினது?" என்றார் சர்ஜன்.

"ரெண்டும் ஒண்ணா வேறயான்னு எனக்கு இன்னும் தெரியாது" என்றார் மேடம்.

நான் வாயைத் திறந்தேன். "ஏனுங்க மேடம், மழையில்லாத எடத்துல கொங்காடையக் கழட்டிப் போட்ட மாதிரி, நான் வெச்சிருந்தது சுகத்துல போர்வையக் கழட்டிருக்குமுங்களா? மாப்ள ஈரலுக்குள்ள இருக்கறது கழட்டியிருக்காதுங்களே. அங்க இன்னும் மழை பேஞ்சுக்கிட்டுத்தானுங்களே இருக்குது?"

இரண்டு டாக்டர்களும் திரும்பினார்கள்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்றார் மேடம்.

"நெனச்சேனுங்க."

"சரி. நெனச்சதைப் பாத்துடலாம்."

மாப்பிள்ளையை அனுப்பவில்லை. அவர் என்னைத் திட்டிய திட்டைப் பூங்கொடி எழுத மாட்டேன் என்கிறாள். கீழேயிருந்து கண் டாக்டர் வந்து விளக்கு வைத்துப் பார்த்தார். இடது கண்ணுக்குள் ஓரமாகச் சின்னப் புகை மாதிரி ஆரம்பித்திருந்ததாம். "ரெண்டு நாளா மங்கலாத்தான் இருந்துச்சு மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "மூடுபனின்னு நெனச்சேன். சொன்னா ஊட்டுக்கு வுட மாட்டாங்கன்னு சொல்லல." கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். கண் தப்பியது.

என் வழக்கு பாக்கி இருந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அதுவே தண்டனை மாதிரி இருந்தது.

"ஒரு ஊர்ல திருட்டு நடக்குது. ஒருத்தர் மேல சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கட்டி வெச்சு உதைப்பமுங்க."

"அதுல யாரும் எதையும் ஒத்துப்பாங்க. அவரை ஊரை விட்டு வெளிய அனுப்புங்க. திருட்டு நின்னுச்சான்னு பாருங்க. திரும்பக் கூட்டிட்டு வாங்க. மறுபடி ஆரம்பிச்சுதான்னு பாருங்க. பெரிய லேப்புல ஜீனுக்கும் இதான் பண்ணுவாங்க. சந்தேகப்படற ஒரே ஒரு ஜீனை மட்டும் வெளிய எடுப்பாங்க, கிருமி சாதுவாகுதான்னு பாப்பாங்க. அதே ஜீனை உள்ள வெப்பாங்க, மறுபடி கொல்லுதான்னு பாப்பாங்க. ரெண்டும் நடந்தாத்தான் குத்தம் சாட்டுவாங்க."

"நல்ல வழிங்க மேடம்."

"அதனால ரெண்டு வாரம் நீங்க அந்த அறைக்குள்ள வரக்கூடாது."

என்னை ஜீன் மாதிரி வெளியே எடுத்துவிட்டார்! டிராயர்க் குழாயிலிருந்து எடுத்த கிருமியை, நான் செய்த மாதிரியே, காலையும் மாலையும் புதுக் குழாய்க்கு மாற்றினார். தன் கையால், வேறு எவரையும் தொடவிடாமல். வெதுவெதுப்பான பெட்டி, இரண்டு வேளைச் சோறு. சமைத்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் வைப்பது மட்டும் என் வேலை. இரண்டு நாளைக்கு ஒருமுறை நூல் இழுத்துப் பார்ப்பார். நான் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, தீட்டுப்பட்டவன் மாதிரி நின்று பார்ப்பேன். முதல் தடவை நூல் நீளமாக வந்தது. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அடுத்த தடவையும் வந்தது. செல்வம் கல்யாணத்திலிருந்து திரும்பிவந்து, என் பக்கத்தில் நின்று, "அண்ணா, கெளம்பறதுக்கு மூட்டையெல்லாம் கட்டியாச்சா?" என்று கேட்டான். நல்ல பையன்.

அதற்கடுத்த தடவை தட்டில் சில பொட்டுகள் மட்டும் இழுத்தன, சில இழுக்கவில்லை. கடைசி நாளில் மேடம் ஒரு பொட்டைத் தொட்டுத் தூக்கினார். வெண்ணெய். இன்னொன்று. வெண்ணெய். கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க, வெள்ளையன்."

அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

பட்டினிக் குழாய், விருந்துக் குழாய் இரண்டையும் நகரத்து லேப்புக்கு அனுப்பினார். வாரக்கணக்கில் கழித்துப் பதில் வந்தது. இரண்டும் ஒரே கிருமி, சீட்டுக் கட்டு அச்சு அசலாக ஒன்றே. விருந்து சாப்பிட்டதில் மட்டும் அந்தச் சின்ன வளையம் இல்லை. போர்வை நெய்ய அது செலவழிக்கிற நேரத்தில், போர்வையைத் தொலைத்தவை இரண்டு மடங்கு பெருகி, குழாயை நிறைத்துவிடுமாம். உடம்புக்குள் என்றால் தொலைத்தவை உடனே பிடிபட்டுச் சாகும். குழாய்க்குள் பிடிக்க ஆளில்லை. அந்த வளையத்துக்கு வேலை கொடுப்பதே நம் உடம்பின் காவல்தான் என்றார் மேடம். எனக்கு அது இன்றைக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

கேட்டுக்கு வெளியே அனுப்பவில்லை, மெமோ வந்தது. "பதிவேட்டில் பதியாமல் அபாயகரமான கிருமியை ஒளித்து வைத்த குற்றத்துக்காக" என்று செல்வம் உரக்கப் படித்தான். அதன் கீழே மேடம் கையால் ஒரு வரி. டிராயரில் இருந்த குழாய்க்கு அன்றைய தேதியில் லேபிள் ஒட்டி ரெஜிஸ்டரில் ஏற்றிக்கொள்ளப்பட்டது என்று. நான் ஒளித்தது ராஜ மரியாதையோடு உள்ளே போய்விட்டது.

இப்போது புது மெஷின் வளையம் இருக்கிறதா என்பதை உடனே சொல்லிவிடும். நல்லது. ஆனால் எந்தக் குழாயிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், அதற்கு எத்தனை நாள் எவன் சோறு போட்டான் என்று மெஷின் கேட்காது. நீங்கள் கேளுங்கள். சாதுவாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

முடிப்பதற்கு முன்னால் ஒன்று. அன்றைக்கு மேடம், வேறு எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாரே. நான் "இல்லீங்க மேடம்" என்றேனே. எங்கள் மலையில் விதையை ஒரே இடத்தில் வைப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா?

அந்த டெக்னீஷியன் பெண்ணிடம் சொல்லுங்கள், பழைய இரும்புக்காரனை இரண்டு நாள் நிறுத்தி வைக்கட்டும். வராந்தாவில் நிற்கிற பிரிட்ஜில் கீழே காய்கறித் தட்டு இருக்கிறது. அதை முழுசாக வெளியே இழுத்தால், பின்பக்கச் சுவரில் ஒரு தகடு லேசாக ஆடும். அந்தத் தகட்டை வெறுங்கையால் தொடாமல்…

"மச்சான்! ஏணி சாயுது, வந்து புடிங்க! உச்சிக் கொடியில ஒரு கொத்து செவசெவன்னு தெரியுது, அத வுட்டுட்டு எறங்க முடியாது! அங்க யாருகிட்ட கத அளந்துக்கிட்டு இருக்கறீங்க?"

வாரேன் மாப்ள, வாரேன்.

பூங்கொடி பேனாவை நிறுத்திவிட்டாள்.

"நெசமாப்பா?"

இரு கண்ணு. ஏணி சாயுது.